பதினோரு வருடத் தப்பு

செந்தமிழ்ச்செல்விக்குக் கோபம் வருவது புதிதல்ல. பாகூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் கணினி லேபைத் திறந்து, பெருக்கித் துடைத்து, பூட்டும் உதவியாளர் அவள். பதினோரு வருடமாக அங்கே ஒரு தப்பைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து கிடக்கிறாள்.

துறைத்தலைவர் விஜயராகவன் எழுதிய லேப் புத்தகத்தில் பகா எண்களைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் முப்பத்திரண்டு வரி. ஒவ்வோர் எண்ணையும் அதற்குக் கீழே உள்ள அத்தனை எண்ணாலும் வகுத்துப் பார்க்கிற வெட்டி வேலை. போதாததற்கு விடை ஒன்றில் தொடங்குகிறது. ஒன்று பகா எண் அல்ல என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருகிறார்களே! பிள்ளைகள் அதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுத, ஆசிரியர்கள் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார்கள். அவள் எடுத்துச் சொன்னதற்கு, பெருக்குகிற வேலையை மட்டும் பார் என்றார் விஜயராகவன். இவர்களையெல்லாம் படித்தவர்கள் என்று நம்பித் தொலைக்கிறோம்.

அந்த ஆத்திரத்தில்தான் அதே கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தாள். கடைசிச் செய்முறைத் தேர்வில் தேறினால் பட்டம். பட்டம் வந்தால் அந்த லேபிலேயே பாடம் நடத்தும் வேலை. தேர்வாளர் விஜயராகவன். கேள்வி, பகா எண்கள்.

அவள் ஆறே வரி எழுதினாள். இரண்டை விட்டுவிட்டு அதன் மடங்குகளை அடி, அடுத்து மூன்றின் மடங்குகளை அடி, அடுத்து ஐந்து; கடைசிவரை அடிபடாமல் நிற்பவைதான் பகா எண்கள். பத்து லட்சம் வரை கேட்டாள். பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது.

விஜயராகவன் திரையைப் பார்க்கவில்லை, தன் புத்தகத்தைப் பார்த்தார்.

“ஒன்னு விட்டுப்போச்சிம்மா. அதச் சேத்துடு, பாஸ் போட்டுடறேன்.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்துக் கணினியில் அவருடைய முப்பத்திரண்டு வரியையும் தட்டச்சு செய்து, அதையும் பத்து லட்சம் வரை ஓடவிட்டாள். அவர் டீ குடித்துவிட்டு வந்தார், ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தார், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற மாணவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தார்கள்.

கடைசியில் விஜயராகவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, அப்படியே பாஸ் போட்டுவிடுகிறேன் என்று பெரிய மனசு பண்ணி மதிப்பெண் தாளை எடுத்தார். அவள் லேப் புத்தகத்தை விரித்து அந்தத் தாளின் மேலேயே வைத்தாள்.

“மார்க்கு அப்பறம் போடலாம் சார். மொதல்ல இதுல அந்த ஒன்ன அடிங்க.”