இரண்டு வருசத்துக்கு அவ்வளவு காசோ?

அந்தத் தடுப்பாட்டக்காரனுக்கு இருபது வயதுதான். இந்த நகரத்து ஐஸ் ஹொக்கி அணி அவனை இரண்டே இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. கொடுத்த தொகை பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. அப்போது நாங்கள் ஐந்து பேர் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் ஓர் அறை வீட்டில் இருந்தோம். ஐந்து பேரும் சாகும்வரை உழைத்தாலும் அந்தத் தொகை சேராது. எண்பத்தைந்து முடிந்து எண்பத்தாறு பிறந்த அந்தப் பனிக்காலம் முழுக்க, அது அவனுக்கு அளவுக்குக் கூடவா இல்லையா என்பதுதான் வீட்டுப் பேச்சு.

நான் 'கூடத்தான்' என்ற கட்சி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கண்டியில் சாப்பாட்டுக் கடை, வவுனியாவில் அரிசி ஆலை, கொஞ்சக் காலம் லொறி, பிறகு ஜெர்மனி, பிறகு இங்கே. ஹொக்கியை எனக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் அளந்தேன்.

"சீசன் முழுக்க ரெண்டு கோல். உதுக்கு இவ்வளவு காசோ?"

டோனட் கடையில் வேலை செய்த நண்பன்தான் எதிர்க்கட்சி. கடைக்கு வருபவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவன் பெரிய ஹொக்கி ஞானி ஆகியிருந்தான்.

"டேய், அவன் கோல் அடிக்கிறவனில்லை. மற்றவனை அடிக்க விடாமல் நிக்கிறவன்."

"எங்கை நிண்டவன்? நேற்று முழுக்க விழுந்தெல்லோ கிடந்தான்."

"விழுந்து மறிச்சவன், மச்சான். நீ விழுந்தாப் பாயிலைதான் விழுவாய்."

"சரி, நல்லவனெண்டா ஏன் ரெண்டு வருசம்? அஞ்சு வருசத்துக்கு எழுதியிருப்பினமே."

"அதாலைதான் காசு கூட. ரெண்டு வருசம் முடியேக்கை கால் உடைஞ்சு போய் நிண்டா அவனை ஆர் பாக்கிறது? அந்தப் பயத்துக்கும் சேத்துத்தான் விலை சொன்னவன்."

"விலையை அவனே சொன்னவனோ?"

"பின்னை? அதைக் குடுக்குமட்டும் பயிற்சிக்கே போகேல்லையாம்."

எனக்கு அது வெட்கங்கெட்ட வேலையாகப் பட்டது. வேலை தருகிறவனிடம் ஓர் இளந்தாரி போய், எனக்கு இவ்வளவு வேண்டும், தராவிட்டால் வரமாட்டேன் என்பதா?

நான் வேலை செய்த இடமும் ஒரு ஹொக்கி அரங்குதான். ஸ்காபரோவில், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பனித்தளத்தை மட்டமாக்கும் வண்டி போன பிறகு ஓரங்களில் குவியும் பனித்தூளை வழித்து அள்ளுவது, உடுப்பு மாற்றும் அறைகளைக் கழுவுவது, ரப்பர் தரையில் ஒட்டிய சுவிங்கத்தைச் சுரண்டுவது. அந்த அறைகளின் வியர்வை நாற்றம் என் சேட்டில் ஏறி வீடு வரை வரும். வேலை இலையுதிர் காலத்திலிருந்து ஏப்ரல் வரைதான். ஏப்ரலில் ஐஸை உருக்கிவிடுவார்கள். எங்களையும் அனுப்பிவிடுவார்கள்.

மே மாதம் எனக்குக் குடிவரவு அலுவலகத்தில் நேர்முகம் இருந்தது. நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி எழுதிய கடிதம் கொண்டுபோனால் வதிவிட உரிமை கிடைக்கும், அது கிடைத்தால் மனைவியைக் கூப்பிடலாம். அவள் வவுனியாவில் தன் அக்கா வீட்டில் இருந்தாள். ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும் நாட்களில் இரண்டு பேரும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்திருப்பதாக எழுதியிருந்தாள். முதலாளியின் அந்தக் கடிதம் ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

மார்ச்சில் அதற்கு வழி பிறந்தது. வருடம் முழுக்க வேலை செய்ய ஓர் ஆள் எடுக்கப் போகிறார்கள், மனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவார் என்றார்கள். என் முறைக்கு முதல் நாள் பின்னேரம், ஒத்திகைக்காக நண்பன் குசினி வாசலில் கதிரை போட்டு மனேஜராக இருந்தான். நான் எதிரில் நின்றேன்.

"எவ்வளவு வேணும், எவ்வளவு காலத்துக்கு வேணும்? சொல்லு."

"வருசம் முழுக்க... இப்ப தாறதைவிட ஒரு டொலர் கூட..."

"தரையைப் பாக்காதை! அவன் என்ன பொம்பிளையே பாக்க வந்தவன்? நிமிந்து சொல்லு."

பத்துத் தரம் சொல்ல வைத்தான். பத்தாவது தரம் நன்றாகவே சொன்னேன்.

மறுநாள் மனேஜரின் மேசையில் அந்தத் தடுப்பாட்டக்காரனின் படத்தோடு பேப்பர் கிடந்தது. மனேஜர் இளமையில் ஆடியவர், முன்பல் இரண்டு இல்லை. இவன் இந்தக் காசுக்கு உரியவனா, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். அவனுக்கு இது மிகக் கூட, சேர் என்றேன். அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் பையனைத் திட்டினோம். அவர் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். காரியம் முடிந்த மாதிரித்தான் இருந்தது.

பிறகு கேட்டார், "சரி, நீ என்ன எதிர்பார்க்கிறாய்?"

அப்போது என் வாயில் வந்தது இதுதான்: உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள், சேர். நீங்கள் எதைத் தந்தாலும் எனக்குச் சந்தோஷம்.

கண்டியிலும் வவுனியாவிலும் நான் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் இதைத்தான் சொன்னேன். நீங்கள் பாத்துச் செய்யுங்கோ. அதைச் சொன்னால் பாரம் மற்றவர் தலையில் ஏறிவிடும். குறைத்துக் கொடுக்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். கொடுக்காவிட்டால் ஊர் கேட்கும். அரிசி ஆலை முதலாளி அந்த ஒரு சொல்லுக்காக எனக்குப் படுக்க அறையும் தந்தார். மனேஜருக்கோ அப்படி எந்தப் பாரமும் ஏறவில்லை. கெட்ட மனிதர் அல்ல அவர். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அதே சம்பளத்தில், ஐஸை உருக்கிய பிறகு சுவருக்குப் பெயின்ற் அடிக்க, ஜூன் கடைசி வரை என்று எழுதித் தந்தார். கைகொடுத்தார். எனக்குப் பின்னால் உள்ளே போனவன் வருடம் முழுக்க வேண்டும், ஒரு டொலர் கூட வேண்டும் என்று கேட்டான். அவனுக்குக் கிடைத்தது.

நண்பன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஏசவில்லை. "ரெண்டு வருசத்துக்குக் கூடக் கேட்டவனை அவ்வளவு திட்டினாய். நீ மூண்டு மாசத்துக்கு ஒண்டும் கேளாமல் ஒத்துக்கொண்டு வந்திருக்கிறாய்," என்றான். அவன் சொன்னது சரி. குறுகிய காலத்துக்கு வேலைக்குப் போகிறவன்தான் கூடக் கேட்கவேண்டும், பிறகு வரப்போகும் வெறும் நாட்களை அவன்தான் சுமக்கிறான். அந்தப் பையனுக்குக் கொடுத்தது அதிகமில்லை. இருபது வயதில் அது அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு முப்பத்தொன்று.

குடிவரவு நேர்முகத்தில் பெண் அதிகாரி, கடிதத்தில் இருந்த திகதியை விரலால் தொட்டுக் கேட்டார், ஜூனுக்குப் பிறகு? வேறு வேலை தேடுவேன் என்றேன். எங்கே என்றார். இன்னும் பார்க்கவில்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மூன்று கிழமையில் கடிதம் வந்தது: முடிவு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்பப் பார்ப்பார்கள்.

அதைத் தபாலில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வவுனியாவில் ரெலிபோன் இருந்த கடைக்கு அவளை வரச் சொல்லி அழைப்பு எடுத்தேன். கோடு இரைந்தது.

"ஒரு வருசமோ?" என்றாள்.

"ஓம். பிறகு தருவினம்."

இரைச்சலுக்குள் கடையில் யாரோ சீனி கேட்பது கேட்டது.

"அப்ப நான் இனி இஞ்சை நிக்கேல்லை. அக்காவையள் மன்னாருக்குப் போய் கடல் தாண்டி அங்காலை மண்டபம் அகதிக் காம்புக்குப் போகினம். நானும் போறன்."

"படகிலையோ? கடலிலை நேவி நிக்கிறாங்கள்."

"பின்னை, நடந்தே போறது?"

போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். போகாமல் அங்கே இருந்து என்ன செய் என்று சொல்வது? எப்போது போகிறாய் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றாள். நான் சரி என்றேன்.