கார்டு இருக்கா என்று கேட்டார்கள்

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் எட்டு மாதம் ஜப்பானிய மொழி படித்தேன். உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தேறினால் ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருட வேலை. அம்மா அடுத்தவர் காட்டில் களை பறிக்கப் போக வேண்டாம்.

கடைசித் தேர்வு, கடைப் பேச்சு. ஜப்பானிலிருந்து வந்திருந்த அம்மையார் மேஜைக்குப் பின்னால் கடைக்காரராக நிற்பார். நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். "பாயின்ட் கார்டு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்பார். வாடிக்கையாக வருகிறவர்களுக்கு அங்கே கடையில் கொடுக்கிற அட்டை அது. காட்டினால் புள்ளி ஏறும், பிறகு விலையில் கழித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுக் காசைக் கொடுக்க வேண்டியதுதான்.

கூடப் படித்த சௌராஷ்டிர நண்பன் முந்தின நாள்கூடச் சொன்னான். "மாப்ள, இம்புட்டுத்தான். 'மொத்தே இமாசென்', கையில இல்லைங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லு. உன் சொத்தையா எழுதிக் கேக்குறாக?"

பஸ்ஸில் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

அந்த அம்மையார் குனிந்து வணங்கிவிட்டுக் கேட்டார். கார்டு என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. சின்ன வயதில் ரேஷன் கடையில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். "கார்டு இல்லாம என்னத்துக்கு வந்த?" என்று கடைக்காரர் கத்தினால் அம்மா எதிர்த்துப் பேசமாட்டாள். "தப்புத்தான் சாமி, நாளைக்குக் கொண்டாறேன்" என்று வெறும் பையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

நானும் அதையே செய்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று ஜப்பானிய மொழியில், ஒரு பிழையில்லாமல் சொன்னேன். பிஸ்கட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "கார்டு இல்லாமலும் வாங்கலாமே" என்றார், மெதுவாக. அதற்குப் பிறகும் நான் மேஜைப் பக்கம் போகவில்லை.

சாயங்காலம் ஒட்டிய தேர்ச்சிப் பட்டியலில் நண்பன் பெயர் இருந்தது. எனக்காக அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டில் அம்மா கேட்டாள், "என்னப்பா ஆச்சு?"

"கார்டு இருக்கான்னு கேட்டாகம்மா. நான்தான் சரியாச் சொல்லலை."

அம்மா ரேஷன் கார்டு வைத்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள். "வீட்லதானப்பா இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்து விட்டிருப்பேனே."

அது வேறு கார்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மிச்சத்தையும் கேட்பாள், ரேஷன் கடையில் அவள் சொன்னதையே நானும் சொன்னேன் என்று சொல்ல வேண்டிவரும். கார்டைக் கொடுத்துவிடாதது தன் தப்பு என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.