மேளக்காரனுக்கு மஞ்சள் கோட்டு

ஈயப் பொம்மைச் சிப்பாயின் காற்சட்டைக்கு வெள்ளை பூசும் நேரத்தில் ஆனந்தராஜா மூச்சு விடுவதில்லை. மனைவி பவளம் குசினியிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டுவிட்டாள். சோறு ஆறினால் ஆறட்டும். தூரிகை சற்று விலகி வெள்ளை சிவப்புக் கோட்டில் ஏறிவிட்டால் ஆங்கில சாம்ராச்சியமே கவிழ்ந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய வென்ட்வேர்த்வில் வீட்டின் முன்னறையில் இப்படி நூற்றுப் பதினாறு சிப்பாய்கள். இடம் போதாமல் சாமிப்படங்கள் ஒரு தட்டுக் கீழே இறங்கியிருக்கின்றன. பகலில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு இலக்கம் போடுகிற மனிதர், மாலையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் படை முழுவதுக்கும் உடுப்பு அதிகாரி. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணிக்கு முன் பாடம் கிடைக்கும்.

“சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, மஞ்சள் கொலர் எண்டால், மேளமடிக்கிறவனுக்கு மஞ்சள் கோட்டு, சிவப்புக் கொலர். அப்பிடியே தலைகீழ். சண்டைப் புகைக்குள்ளை அவன் எங்கை நிக்கிறான் எண்டு தளபதிக்குத் தெரிய வேணுமெல்லோ? ராசாவின்ரை பேரிலை இருக்கிற படை எண்டால் மட்டும் அவனுக்கும் சிவப்புத்தான். விளங்கிச்சோ?”

விளங்கவில்லை என்றால் மறுபடி தொடங்குவார். விளங்கிவிட்டது என்றாலும் தொடங்குவார்.

உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்காரர் ஜனவரி தோறும் பழைய படைவீரர் வேடம் போட்டுப் பரமட்டாவில் ஊர்வலம் போவார்கள். எழுபத்தாறாம் ஆண்டில் பார்க்கப் போனவருக்குப் பொறுக்கவில்லை. மஞ்சள் கொலர்ப் படைக்கு மேளக்காரன் சிவப்புக் கோட்டில் வருகிறான்! அந்த வருடம் சங்கத்துக்கு ஏழு கடிதங்கள் போயின. ஒவ்வொன்றிலும் கலர்ப் பென்சில் படம். அடியில், தன்னையும் அங்கத்தவராகச் சேர்க்கும்படி விண்ணப்பம். படத்துக்கு நன்றி வந்தது. விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. அந்த அங்கத்துவ அட்டைக்காக மனிதர் பட்ட ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

ஏழாவது கடிதத்தில் கெட்டித்தனம் காட்டப் போய், மஞ்சள் கொலர் போட்ட ஒரு படையில் கறுப்பு மனிதர்கள்தான் மேளமடித்தார்கள் என்று எழுதிவைத்தார். செயலாளர் ஹார்ட்லி உடனே தொலைபேசியில் வந்துவிட்டார். நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, மஞ்சள் கோட்டே தைத்துவிடுவோம், அதை நீங்களே போட்டுக்கொண்டு மேளமடியுங்கள், அன்றைக்கே அட்டையும் தருகிறோம் என்றார். கப்டன் வேடம்தான் கிடைக்கும் என்று கோட்டுக்குத் தன் மார்பளவு எடுத்து வைத்திருந்த ஆனந்தராஜா, யோசித்துச் சொல்கிறேன் என்று ரிசீவரை வைத்தார்.

கறுப்பன் என்று வெள்ளைக்காரன் கணக்கெடுத்தது அவரை அவ்வளவாகச் சுடவில்லை. அது பழகிப்போனது. சுட்டது மேளம். யாழ்ப்பாணத்தில் ஆனந்தராஜா குடும்பத்துச் செத்தவீடுகளுக்குப் பறையடிக்க வந்தவர்களுக்குப் படலைக்கு வெளியேதான் தேத்தண்ணி, அதுவும் சிரட்டையில். பறைத் தோலைத் தொட்டவன் உள்ளே வரக்கூடாது. இருநூறு வருடத்துக்கு முந்திய மேளக்காரனின் பொத்தான்களை எண்ணி வைத்திருக்கும் இந்த மகாபண்டிதர், ஊர் மேளக்காரன் ஒருவனிடம் பெயர் கேட்டது கிடையாது.

“நான் மேளமடிக்கிறதோ? சனம் கண்டால் என்ன கதைக்கும்?”

“இஞ்சை எங்கடை சனம் எத்தினை பேர்? கிழமை முழுக்க மேளக்காரனுக்குப் பெயின்ற் அடிக்கிறியள், ஒரு நாளைக்கு மேளத்தை அடிச்சால் என்ன?” என்றாள் பவளம்.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சம்மதித்தார். கோட்டைப் பவளமே தைத்தாள். பொத்தானுக்குப் பொத்தான் அடிமட்டம் வைத்து அளந்து, இரண்டு தரம் கழற்றித் தைப்பித்தார். குசினிக் கதிரையின் பலகையில் இரண்டு அகப்பைக் காம்புகளால் அடித்துப் பழகினார்.

ஊர்வலத்தன்று வெயில் உச்சியைப் பிளந்தது. அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு. ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும், மனிதர் நன்றாகவே அடித்தார். தெருவோரத்துப் பிள்ளைகள் அவரோடு கூடவே நடந்தன. ஒரு கட்டத்தில் அவருக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. சட்டென்று அடக்கிக்கொண்டார். முடிவில் ஹார்ட்லி முதுகில் தட்டி அட்டையைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தவர் முன்கதவால் நுழையவில்லை. பக்கத்தால் சுற்றிப் பின்வளவுக்குப் போய், குழாயடியில் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

“இஞ்சாரும், வாளியும் துவாயும் கொண்டாரும்.”

“ஏன், ஆர் செத்தது?” என்று கேட்டபடி பவளம் இரண்டையும் கொண்டுவந்தாள்.

ஆனந்தராஜா கோட்டைக் கழற்றித் தூசு தட்டி, பையில் அட்டை இருக்கிறதா என்று பார்த்து, பக்குவமாக மடித்து நீட்டினார். “இதை உள்ளை கொண்டுபோய் முன்னறையிலை மாட்டும். நனையக்கூடாது.”

“அப்ப கோட்டுக்குத் துடக்கு, தீட்டு ஒண்டும் இல்லையோ?”

அவர் குழாயைத் திறந்தார். வாளியை விளிம்புவரை நிரப்பினார். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு தலையில் கவிழ்த்தார்.