படகு எஞ்சினுக்குள் திருநீறு

படகு எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு இரண்டு பேர் லயத்து வரிசையில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் வாசலுக்கு வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேக்டரி இருக்கயில இங்க எதுக்குக் கொண்டாறீங்க?" என்றேன். பெரிய துரையின் உத்தரவாம். கொழுந்து அரைக்கிற நேரத்தில் இதை வைத்துக்கொண்டு மெனக்கெடக் கூடாதாம், வேலை விட்ட பிறகு வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். துரை தமாஷாகப் படகு ஓட்டுவதற்கு நான் என் அடுப்படியை விட்டுக்கொடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் எஞ்சின்களைப் பழுது பார்க்கிற பிட்டர். நான் மலையில் கொழுந்தெடுத்தேன். தோட்ட மானேஜரான துரை புதிதாக வந்த சிங்களவர், இளவயது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு பசறை வழியாக மலையிறங்கி, பிபிலைப் பக்கத்துக் குளமொன்றில் படகு ஓட்டிவிட்டு வருவார். பெட்ரோலோடு சேர்த்தே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய எஞ்சின் அது. அதைக் கலந்து கேனில் நிரப்பிக் கொடுப்பது என் வீட்டுக்காரரின் வேலை. அந்த ஞாயிறு குளத்து நடுவில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. துரை துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்திருக்கிறார்.

எண்ணெய் குறைந்துதான் இறுகியது என்று துரை முடிவு கட்டிவிட்டார். அப்படியானால் குற்றம் கலந்தவருடையது. எஞ்சினை எடுத்து வந்தவர்களிடம், "எண்ணெய்க் குறைன்னா பிட்டருக்குப் பத்துச்சீட்டு" என்று சொல்லியனுப்பியிருந்தார். பத்துச்சீட்டு கொடுத்தால் வேலை போகும், கூடவே லயத்துக் காம்பராவும் போகும். அது பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற காலம். பதுளை பஸ் நிலையத்தில் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் சாக்கை விரித்துக் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். என் மகளுக்கு அப்போது பால் பல் முளைத்துக்கொண்டிருந்தது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அவரோ கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினார். மேல்மூடி வந்தது. பிஸ்டன் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். நான் அதைத் தாண்டித் தாண்டித்தான் சோறாக்கினேன், சோறு என்று பெயர், பானையில் கிடந்தது மரவள்ளிக் கிழங்கு. மறுநாள் மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினார்.

"என்னாங்க, எண்ணெய்க் குறைதானா?" என்றேன்.

அவர் பிஸ்டனை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். "எண்ணெய் இல்லாம பிடிச்சிருந்தா அலுமினியம் உருகி ஒரு பக்கமா இழுவியிருக்கும். தண்ணி ஓடாம சுட்டிருந்தா நீலம் பாஞ்சிருக்கும். இது பாரு, சுத்திவர நைசாக் கீறியிருக்கு. பிஸ்டனச் சுத்தியிருக்கிற ரிங்கு தேஞ்சு தகடாயிருச்சு."

"அப்ப மண்ணா?"

"மண்ணு இம்புட்டு நைசா இருக்காது." ரிங் உட்காரும் பள்ளத்தைக் குச்சியால் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் பசையாக வந்தது. இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. நான் குத்துவிளக்குத் துலக்குகிற சாம்பலின் நிறம் அது.

ஆயுதபூசைக்கு ஃபாக்டரியில் எல்லா எஞ்சினுக்கும் திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவது வழக்கம். அந்த வருசம், எஞ்சின் இறுகுவதற்குச் சில நாள் முன்பு, துரை தன் படகு எஞ்சினையும் கொண்டுவந்து வரிசையில் வைத்தார். கோயில் பண்டாரம் மூடியின் மேல் பட்டையாகப் பூசினார். துரைக்கு அது போதவில்லை. பிளக்கைத் தானே கழற்றினார். "உள்ளுக்கும் போடு, உள்ளதானே வேல நடக்கிறது" என்றார். பண்டாரம் தயங்கித் தட்டை நீட்டியபடி நின்றார். துரையே ஒரு பிடி அள்ளி அந்தத் துளைக்குள் போட்டு, பிளக்கைத் திருகி, அப்படியே ஜீப்பில் ஏற்றினார். ஃபாக்டரியே பார்த்தது. என் வீட்டுக்காரர் மட்டும் பெரிய எஞ்சினை நிறுத்தப் போயிருந்தார்.

நான் இதைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது.

"தப்பிச்சோம், போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"என்னான்னு சொல்றது? தொரை கையாலதான் கெட்டுச்சுன்னா? மொதல்ல ஓட வைப்போம்."

"ஓட வச்சிட்டா? எண்ணெய்க் குறைன்னு அவரு வாயில இருக்கிறது போயிருமா?"

அவர் மறுபடி பள்ளத்தைச் சுரண்டத் தொடங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அகப்பையை எறிந்தேன், அது பிஸ்டன் மேலேயே போய் விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து வைத்தார்.

புது ரிங் கிடைக்க வழியில்லை, வெளிச்சாமான் எதுவுமே நாட்டுக்குள் வராத வருசங்கள். பதுளை கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளியிடம் பழைய மோட்டார் சைக்கிள் ரிங் இருந்தது. "அளவு கூடத்தான். அராவிப் பாருங்க, அல்லா காவல்" என்று எடுத்துக் கொடுத்தாராம். இவர் அதை அராவினார், போட்டுப் பார்த்தார், கழற்றினார், மறுபடி அராவினார். சிலிண்டரை எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்துக் கீறலைக் குறைத்தார். பேரிங்குகளில் பசை தீரும்வரை பெட்ரோல் விட்டுக் கழுவினார். ராத்திரி படுத்தாலும் அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது. மலையில் நான் முற்றின இலையைக் கிள்ளிப் போட்டுக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன்.

எஞ்சினை ஃபாக்டரி வாசலில் தண்ணீர் பீப்பாவின் விளிம்பில் மாட்டியிருந்த அன்று, நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். பெரிய கணக்கப்பிள்ளை, டீமேக்கர், பண்டாரம் எல்லோரும் நின்றார்கள். துரை வந்தார்.

"என்ன, எண்ணெய்க் குறைதானே?"

"இல்லீங்க தொரை."

"அப்ப என்ன?"

இவர் பழைய பிஸ்டன் ரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சொல்லு, சொல்லித் தொலை என்று எனக்குள் அடித்துக்கொண்டது. ஊரையே வாயால் புரட்டுகிற எனக்கும் அன்றைக்குப் பார்த்து நாக்கு எழும்பவில்லை. கணக்கப்பிள்ளைதான் முந்திக்கொண்டார்.

"துன்னூறு உள்ள போயிருக்குமுங்க. பண்டாரம்தான் பூசினான், தொரை."

பண்டாரம் ஒரு அடி பின்வாங்கினார். அவருக்கும் காம்பராவில் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். துரை அவர் பக்கம் திரும்பினார்.

"பண்டாரம் வெளியிலதாங்க பூசினாரு" என்றார் என் வீட்டுக்காரர். குரல் உயரவில்லை. "உள்ள போட்டது நீங்க, தொரை."

துரை ரிங்கை வாங்கி விரலால் தடவினார். "ஓட்டிக் காட்டு" என்றார். கயிற்றை இழுத்ததும் இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது, பீப்பாத் தண்ணீர் எங்கள் மேலெல்லாம் தெறித்தது. துரை சிரிக்கவில்லை. "காலையில ஆபீசுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆபீசுக்குக் கூப்பிட்டுத்தான் பத்துச்சீட்டு கொடுப்பார்கள். மறுநாள் அவர் போனதும் நான் மலைக்குப் போகாமல் சட்டிபானையைச் சாக்கில் கட்டினேன், மகளின் கவுனைக் கட்டினேன். பதுளை பஸ் நிலையத்தில் எந்த மூலையில் மழைச்சாரல் அடிக்காது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் வந்து, பிளக் கழற்றுகிற சாவியை மேசையில் வைத்தார். துரையின் சொந்தச் சாவி, பங்களாவில் இருப்பது.

"இனிமே இது ஒன்கிட்டயே இருக்கட்டும்னாரு. பத்துச்சீட்டுப் பேச்சே எடுக்கல."

என் கைதான் கெடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்ல அந்தத் துரைக்கு வாய் வரவில்லை. சாக்கின் முடிச்சை அவிழ்த்தபோது எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது, அது துரையோடு நிற்கவில்லை.

"பண்டாரத்துக்காகத் தொறந்த வாய, இந்தப் புள்ளைக்காக ஏன் தொறக்கல?" என்று கேட்டேன்.

அவர் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "நமக்காகப் பேசினா கெஞ்சுற மாதிரி இருந்துச்சு, புள்ள" என்றார்.

"கெஞ்சினா என்னா?" என்றேன். அவர் மகளை இறக்கிவிட்டு, சாக்கிலிருந்து சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுப்படியில் வைத்தார்.