அணிபவரின் இடப்பக்கம்

சென்ற வாரம் என் கைப்பேசியின் முதுகு லேசாகப் புடைத்துக்கொண்டு வந்தது. பேருந்து நிலையத்துக்கு அருகிலிருக்கும் பழுதுபார்க்கும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே வேலை செய்யும் பெண் மெல்லிய தகட்டை நுழைத்து மூடியைப் பெயர்த்ததும், "பேட்டரி உப்பிருச்சுங்கக்கா. நல்ல வேள, இப்பவே கொண்டாந்தீங்க" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்த வாசனை என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. கனிந்து குழைந்த பலாச்சுளையோடு நகப்பூச்சைக் கலந்தாற்போன்ற ஒரு தித்திப்பு. அவள் மூக்கைச் சுளித்தாள். நான் வெட்கமில்லாமல் இன்னொரு முறை இழுத்து முகர்ந்தேன்.

அந்த வாசனை என்னை நேராக ஒரு மண்சட்டிக்குக் கொண்டுபோய்விட்டது. மீன்குழம்புக்கென்று ஆசையாக வாங்கிய சட்டி. அருள்புரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சமையல்மேடையில், அடியில் மணல் பரப்பிக்கொண்டு, அது என் கணவரின் பேட்டரிகளுக்கு வீடாகிப்போயிற்று. அவற்றை அதற்குள் படுக்க வைத்துத்தான் மின்னேற்றுவார். பேட்டரிக்குள்ளிருக்கும் கலங்களெல்லாம் ஒரே சீராக நிரம்புகின்றனவா என்று மின்னேற்றியின் சிறு திரையையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பால் பொங்குவதற்கு அப்படி ஒரு நாளும் நின்றதில்லை.

"ஏனுங்க, உங்களுக்கு என்ற கொழம்புச் சட்டிதான் கெடச்சுதா?"

"தீப்புடிச்சா மண்ணுக்குத்தான் அடங்கும் புள்ள. வாடக ஊடு. எரிஞ்சு போச்சுன்னா ஓனருக்கு நீ பதில் சொல்லுவியா?"

அவருடைய விமானங்களுக்குத்தான் இத்தனை உபசாரமும். விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இறக்கையோடு வைத்தால் எங்கள் சாப்பாட்டு மேசை நிறையும். தூக்கினால் ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தின் கனம்தான். தெர்மோகோல் போன்ற நுரைப் பலகையை வெட்டி, உருக்கிய பசையால் ஒட்டி, மூக்கில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு மோட்டாரைப் பொருத்தி, கையிலிருக்கும் ரிமோட்டின் இரண்டு குச்சிகளைத் தள்ளித் தள்ளி வானத்தில் ஓட்டுவது. பெட்ரோல் இல்லை, புகை இல்லை. பேட்டரியை இணைத்த உடனே, சுழல்வதற்கு முன்பாக, அந்த மோட்டாரே மூன்று முறை மெல்லக் கூவும். தயார் என்று பொருளாம். முதல் நாள் அதைக் கேட்டு நான் கதவைத் திறக்கப் போனேன், யாரோ அழைப்பு மணியை அடிக்கிறார்கள் என்று.

அந்தப் பேட்டரி விமானத்துக்கு உயிர் மட்டுமன்று, எடைக்கல்லும் அதுதான். இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்குவார். மூக்கு மிகக் கொஞ்சமாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை ஒரு விரற்கடை முன்னே தள்ளுவார், மறுபடியும் தூக்குவார். அந்த வேளையில் யாரும் மூச்சுவிடக் கூடாது, மின்விசிறியும் சுற்றக் கூடாது. சித்திரை மாதத்து வேர்வையில் நான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன்.

இறக்கையை உடலோடு சேர்த்துக் கட்டுவதற்குப் பிற ஊர்களில் ரப்பர் வளையங்களைப் பயன்படுத்துவார்களாம். பனியனும் ஜட்டியும் தைக்கிற எங்கள் ஊரில் எலாஸ்டிக் நாடாவுக்குப் பஞ்சமுண்டா? அதைக் கொடுத்தவர் ஜாபர் பாய். உள்ளாடைக் கம்பெனிகளுக்கு எலாஸ்டிக்கும் லேபிளும் விற்கிற கடை வைத்திருந்தார். அவரும் விமானம் ஓட்டுகிறவர். என்னைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் என் கணவர் அவருக்கு மாப்பிள்ளை. "மாப்ளே, நம்மூரு ஏரோப்ளேனு பறக்கறதே ஜட்டி நாடாவுலதான். வெளிய சொல்லிராத, மானம் போயிரும்" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்வார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இருவரும் அதற்குச் சிரிப்பார்கள். ஆண்களின் நட்பில் ஒரு நகைச்சுவை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

அருள்புரத்தைத் தாண்டிப் பல்லடம் போகிற பக்கத்தில் ஒரு தரிசு இருந்தது. மழை பெய்த ஆண்டில் சோளம் விதைப்பார்கள். மற்ற ஆண்டுகளில் ஆடுகள் மேயும். ஞாயிறு காலையில் விமானம் விட, காற்று எழுவதற்கு முன்பே அங்கே போய்விடுவோம். ஆனியும் ஆடியும் எங்களுக்கு விடுமுறை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் நுரைப் பலகையை ஈரோட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

நான் அப்போது ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வாங்குநர் கேட்பதை இங்கே தைக்கிறவர்களுக்குப் புரியவைக்கிற வேலை. எங்கள் தொழிலில் இடது என்றால் பனியனை மேசைமேல் விரித்துப் பார்க்கிறவரின் இடது அன்று, அதை அணிபவரின் இடது. இதைக் கவனிக்காத அச்சுப் பட்டறை ஒன்று, ஒரு முழு ஆர்டருக்கும் நெஞ்சுச் சின்னத்தை வலப்பக்கத்தில் அடித்து அனுப்பிவிட்டது. அந்த வாரம் முழுவதும் நான் அழுதுகொண்டே வேலை பார்த்தேன். அதிலிருந்து, யார் இடது என்று சொன்னாலும் என் கை தானாக என் நெஞ்சின் இடப்பக்கத்தைத் தொட்டுக்கொள்ளும். ஆட்டோக்காரருக்கு வழி சொல்லும்போதும் அப்படித்தான். பாவம், அவர் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்திருப்பார்.

இந்தப் பழக்கம் வானத்திலும் பயன்பட்டது. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்வரை தொல்லையில்லை. அது திரும்பி நம்மை நோக்கி வரும்போதுதான் அதன் இடம் நமக்கு வலமாகிவிடுகிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் தடுமாறுவார்கள். என் கணவரும் தொடக்கத்தில் இரண்டு விமானங்களைக் கருவேல முள்ளில் செருகினார்.

"ஏனுங்க, அத வெளிய நின்னு பாக்காதீங்க. பனியன் மாதிரி மாட்டிக்கங்க. போட்டவங்களுக்கு எது இடதோ அதுதான் இடது" என்றேன்.

"கேட்டியா மாப்ளே, தங்கச்சி ஏரோப்ளேன மாட்டிக்கச் சொல்லுது. என்ன சைஸு எடுத்து வெக்கட்டும், டபுள் எக்ஸெல்லா?" என்றார் பாய்.

ஆனால் அதற்குப் பிறகு என் கணவர் முள்ளில் செருகவில்லை.

அவருடைய பிழைப்பே கண்ணை நம்பியது. சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. வாங்குநர் அனுப்பிய துணித்துண்டையும் இங்கே சாயமேறிய துணியையும் ஒரே சீரான ஒளி தருகிற விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது சேரும், இது சேராது என்பார். நாம் இரண்டையும் நீலம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அவர் அவற்றுக்கு நடுவே இன்னும் நான்கு நீலங்களைக் காண்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் தரிசில் நின்றுகொண்டு, "எங்க போச்சு?" என்றார். விமானம் எங்கும் போகவில்லை. எதிரிலேயே, சற்று இடப்புறமாக, தென்னை உயரத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"பட்டப்பகல்ல பறக்கறதத் தேடறியே மாப்ளே, பொண்ணு பாக்கப் போனப்ப சரியாத்தான் பாத்தியா?" என்றார் பாய். அடுத்த வாரமும் அவர் அப்படித் தேடினார். பாய் அதற்கும் ஏதோ சொல்லிச் சிரித்தார். அதற்கடுத்த வாரம் பாய் எதுவும் சொல்லவில்லை. மறுநாளே நான் கண் மருத்துவரிடம் நாள் கேட்டேன்.

கோயம்புத்தூரில் கண் மருத்துவர் சொன்னார்: கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து உதிர்ந்துகொண்டிருக்கிறது. நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். அதனால்தான் விளக்குப் பெட்டிக்கு முன்னால் இவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. போனது திரும்பாது. அறுவை சிகிச்சை செய்தால் இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றிக்கொள்ளலாம். திரும்பி வருகிற பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் என்னை உட்காரச் சொன்னார். எப்போதும் அவர் உட்காருகிற இடம் அது.

அதன் பிறகு சில மாதங்கள் நாங்கள் ஒரு ஏற்பாட்டில் ஓட்டினோம். நான் அவருக்குப் பின்னால் நின்று இரண்டு தோள்களிலும் கை வைத்துக்கொள்வேன். விமானம் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடத்தோளை அழுத்துவேன், வலமென்றால் வலத்தோளை. மூக்கு மேலே எழும்ப வேண்டுமானால் அவருடைய டீ-ஷர்ட்டின் காலரைப் பின்னுக்கு இழுப்பேன். இடது என்பது எப்போதும் அணிபவரின் இடது. விமானம் போனாலும் வந்தாலும் அது மாறாது. வாயால் சொல்லிப் பார்த்தோம், சொல் பிந்திவிடுகிறது, கை பிந்துவதில்லை. தரிசில் ஆடு மேய்க்கிறவர்கள் எங்களைப் பார்த்து என்ன நினைத்தார்களோ தெரியாது. நடுவயதுக் கணவனும் மனைவியும் பட்டப்பகலில் ஒட்டிக்கொண்டு நிற்பதை எங்கள் பக்கத்தில் யாரும் அவ்வளவு எளிதாக மன்னிப்பதில்லை.

அறுவைக்கு நாள் குறித்த வாரத்தில், "இன்னைக்குத் தோளத் தொடாத புள்ள" என்றார். "ஒருக்கா நானே ஏத்தி நானே எறக்கறேன். அப்பறம் ஆஸ்பத்திரிக்கு எங்க கூப்புட்டாலும் வர்றேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். பாய் விமானத்தைக் கையால் வீசிவிட்டார். அது நன்றாக எழும்பியது. மோட்டாரின் ரீங்காரத்தைக் காதால் பிடித்துக்கொண்டு, தலையைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மிஞ்சியிருந்த நடுப்பார்வைக்குள் அதை வைத்துக்கொண்டே அவர் ஓட்டினார். பெரிய பெரிய வட்டங்கள். இறக்குவதற்கான நேரத்தைச் சொல்லி ரிமோட் மணியடித்தது. "இருக்கட்டும்" என்றார். மறுபடி அடித்தது. பாய் என்னைப் பார்த்தார்.

பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே வற்றினால் அந்த விமானங்களில் மோட்டார் மட்டும் நின்றுவிடும். திருப்பவும் இறக்கவும் போதுமான சிறு மிச்சத்தை வைத்துக்கொள்ளும். அன்றைக்கு மோட்டார் நின்றபோது விமானம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓசை அறுந்ததும் அவர் அதைத் தொலைத்துவிட்டார். முகம் இப்படியும் அப்படியும் திரும்பியது. என் கைகள் அவர் தோளுக்கு மேலே, தொடாமல் நின்றன. விமானம் இடப்பக்கம் சாய்ந்து முட்கள் இருந்த பக்கமாக இறங்கத் தொடங்கியது. ஒரு கணம், அதற்கு மேல் இருக்காது, அவர் காத்திருந்தார்.

பிறகு, "புள்ள... கை வெய்யி" என்றார்.

வைத்தேன். வலத்தோளை அழுத்தினேன். திரும்பியது. கையைத் தளர்த்தினேன். நேரானது. தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது காலரை மெல்ல இழுத்தேன். சோளத்தாள் கட்டைகளின்மேல் அது ஒரு கீறலும் படாமல் உட்கார்ந்தது. அவர் இறக்கிய எல்லாவற்றிலும் அதுதான் அழகான இறக்கம்.

"எறங்கிருச்சா?" என்றார்.

"பஞ்சாட்டம் எறங்கிருச்சு மாப்ளே!" என்று பாய் ஓடிப்போய் அதைத் தூக்கிக் காட்டினார்.

"அவ எறக்குனா பாய். நான் குச்சியப் புடிச்சுட்டு நின்னேன்" என்றார் அவர். கோபமில்லை. விளக்குப் பெட்டிக்கு முன்னால் நின்று 'இது சேராது' என்று சொல்கிற அதே குரல். எலாஸ்டிக்கை அவரே அவிழ்த்தார், இறக்கையைத் தனியே எடுத்தார். ரிமோட்டைப் பாயின் கையில் கொடுத்து, அவர் விரல்களை அதன்மேல் மடித்துவிட்டார். அதன் பிறகு அவர் ஓட்டவில்லை.

அறுவை, மருத்துவர் வாக்குக் கொடுத்ததைச் செய்தது, அதற்குமேல் செய்யவில்லை. வேலையை விட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், கையில் ஒன்றுமில்லாமல், நாங்கள் அந்தத் தரிசுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, "மேல என்ன ஓடுது புள்ள?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன். பருந்து ஒன்று, இறக்கையை அசைக்காமல். சூலூர்ப் பக்கமிருந்து ஒரு பெரிய விமானம். கிழக்கே கொஞ்சம் மேகம். என்ன வெள்ளை என்று கேட்பார். வெளுக்காத நூலின் வெள்ளை, என்பேன். "அப்ப மஞ்சளடிக்கும்" என்று தலையாட்டுவார்.

அவர் மறைந்த பிறகு பாய் கடையை மூடிவிட்டுப் பெருமாநல்லூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். தரிசில் இப்போது வடமாநிலத் தொழிலாளர் விடுதிகள் நிற்கின்றன. மாடிகளில் வரிசையாகச் சட்டைகள் காய்கின்றன. நகரப் பேருந்தில் அந்த வழியாக நான் அடிக்கடி போவதுண்டு. சாலையைப் பார்ப்பேன், விடுதிகளைப் பார்ப்பேன், மடியிலிருக்கும் பையைப் பார்ப்பேன். அந்த இடத்தின் வானத்தில் இப்போது என்ன ஓடுகிறது என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்பதற்கு ஆள் இருந்தவரைதான் நான் அதை நிமிர்ந்து பார்த்தேன்.