ஆடுகிற ஸ்டூல்

பட்டறையில் அவளைப் ‘பழசக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்று இழைத்த பெஞ்சைச் சங்கிலியால் நாலு சாத்து சாத்தி, ஊசியால் புழுத்துளை போட்டு, டீத்தூள் சாயம் ஏற்றி நூறு வயசாக்குவது அவள் வேலை. மாட்டைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு, வரவேற்பறையில் வைக்கப் பால் கறக்கிற ஸ்டூல் வேண்டுமாம். கேளுங்கள் கூத்தை!

புருஷன் செத்து ஐந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். அதுவும் உறைக்கவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

ஆறு ஸ்டூல் செய்ய மாதிரி கேட்டார் முதலாளி. பால்காரரான புருஷன் இருபது வருஷம் உட்கார்ந்து தேய்த்ததை எடுத்து வந்தாள்.

“ஆறு செஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும்ண்ணே. அவர் ஞாபகமா இது ஒண்ணுதான் இருக்கு.”

“நானா தூக்கிட்டுப் போகப்போறேன்? எடுத்துக்கம்மா.”

ஆறும் செய்தாள். உட்கார்ந்த பள்ளம், கை பிடித்து வழவழத்த இடது ஓரம், எதையும் விடவில்லை. ஒரு கால் கட்டையாகி ஆடும் ஆட்டத்தைக்கூட இழைத்துக் கொண்டுவந்துவிட்டாள். அசலுக்கு மட்டும் அடியில் சாக்பீஸ் கோடு. பிறகு வழக்கம்போல் பெயிண்டரிடம் சொன்னாள்: “அடியிலயும் மெழுகு தேய்ச்சுடு தம்பி. கவுத்துப் பார்த்தாலும் குட்டு வெளிப்படக் கூடாது.”

அவன் சொன்ன பேச்சு கேட்கிறவன். அசலையும் சேர்த்து ஏழு ஸ்டூலையும் தேய்த்து வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் லாரி வந்து நின்றது. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். கோடு இல்லை. முகர்ந்தாள், ஏழிலும் ஒரே மெழுகு வாசம். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தாள். ஏழும் ஒரே மாதிரி ஆடின.

“என்னக்கா, நல்லா வரலையா?” என்றான் பெயிண்டர்.

“நல்லாத்தான் வந்திருக்கு. ரொம்ப நல்லா.”

கைக்குக் கிடைத்த ஒன்றை ஒதுக்கினாள். மற்ற ஆறும் லாரி ஏறின.

வீட்டில் மகள் ஓடிவந்து அதில் உட்கார்ந்து ஆட்டினாள். “அப்பாவோடது வந்துடுச்சா! ஆட்டம் அப்படியே இருக்கும்மா.”

“ம்.”

இப்போதாவது அழுகை வருமா என்று அவள் நின்று பார்த்தாள். வரவில்லை. மகளின் கை பழக்கமாக இடது ஓரத்தைப் பிடித்திருந்தது. அந்த வழவழப்பு அப்பா கை தேய்த்ததா, அம்மா உப்புத்தாள் தேய்த்ததா என்று அந்தக் கைக்கும் தெரியவில்லை.