செங்கல்வராயன் வாய் திறந்த சனிக்கிழமை

அன்றைக்குத் தாட்சாயணிக்கு இருந்த பசியில், நகரி மூக்கு மலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து முன்னால் வைத்திருந்தால் உப்புக்கூடக் கேட்காமல் தின்று தீர்த்திருப்பாள். இது அவளே புத்தூர்ச் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்த பெருமை. யாராவது அழுத்திக் கேட்டால், "சரி, மலை வேணாம், மூக்கு மட்டும்" என்று இறங்கி வருவாள். இன்னும் அழுத்தினால், "உப்பு கேட்டிருப்பேன்தான்" என்பாள். அதற்குக் கீழே இறங்க மாட்டாள்.

பசிக்குக் காரணம் பஞ்சமில்லை. வீட்டில் கேழ்வரகு குதிர் நிறைய இருந்தது, கறவை இரண்டு இருந்தன. காரணம் அவள் புருஷன் செங்கல்வராயன்தான்.

செங்கல்வராயன் யாரிடமும் எதையும் கேட்காத பிறவி. பந்தியில் தன் இலைக்கு ரசம் வராமல் போனால் வெறுஞ்சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்துவிடுவான். வழி தெரியாவிட்டால் வழி கேட்க மாட்டான். ஒருமுறை சத்தியவேட்டுக்கு மாடு பார்க்கப் புறப்பட்டவன் காளஹஸ்தியில் போய் நின்றுவிட்டு, சாமி கும்பிட வந்தேன் என்று சாதித்தான். இதையெல்லாம் ஊர் சிரித்து மறந்துவிடும். புளியமரத்திலிருந்து விழுந்த கதையைத்தான் தாட்சாயணியால் மறக்க முடியவில்லை.

புளி உலுக்க ஏறியவன் மத்தியானம் கிளை முறிந்து விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பும் முறிந்துபோயிற்று. வரப்பில் போன முனிசாமி எட்டிப் பார்த்து, "இன்னா செங்கல்வராயா, படுத்துகினு கீற?" என்று கேட்டான்.

"நெழலு நல்லா கீது."

முனிசாமி போய்விட்டான். அடுத்துப் புல்லுக்கட்டோடு வந்த சுந்தரம்மாவிடம், "மாட்டைப் பாத்துகினு கீறேன்" என்றான். சுற்றுவட்டாரத்தில் மாடே இல்லை. பொழுது சாய்ந்ததும் கஞ்சிச் சட்டியை எடுத்துவரப் போன தாட்சாயணிதான் கண்டுபிடித்தாள். அப்போதும் அவன் தூக்கு என்று சொல்லவில்லை. "நேரமாச்சு, வூட்டுக்குப் போலாமா?" என்றான்.

புத்தூரில் எலும்பு கட்டுகிறவர் பச்சிலையும் முட்டையும் அப்பி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே, "கூப்பிட்ட கொரலுக்கு ஆளே இல்லியாம்மா அங்க?" என்று கேட்டார். தாட்சாயணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஆள் இருந்தது, குரல்தான் இல்லை. நாளைக்கே கிணற்றில் விழுந்தால்? பாம்பு கடித்தால்? இந்த மனுஷன் நிழல் நல்லாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே செத்துப்போவானே! அங்கேயே திருமலை இருக்கும் திக்கைப் பார்த்துக் கைகூப்பினாள். உதடு மட்டும் அசைந்தது. என்ன வேண்டிக்கொண்டாள் என்று கட்டுக்காரர் கேட்டார். செங்கல்வராயன் கேட்கவில்லை.

கால் கூடி, நடை பழகி, புரட்டாசியும் வந்தது. புரட்டாசிச் சனிக்கிழமையில் நாமம் போட்ட செம்பை ஏந்தி, வீட்டுக்கு வீடு "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். காணி பூமி உள்ளவனும் அன்றைக்குக் கை நீட்டுவான், கூச்சமே கிடையாது. செங்கல்வராயன் வீட்டில் மட்டும் அந்தச் செம்பு அவன் தாய் கையில் இருந்தது, பிறகு பெண்டாட்டி கைக்கு வந்தது. அவன் பின்னால் பை தூக்கிக்கொண்டு போவதோடு சரி.

அந்தச் சனிக்கிழமை கோழி கூவுமுன் இருவரும் திருப்பதிக்கு நடையாய்ப் புறப்பட்டார்கள். சாலையை விட்டு மலைக்குறுக்கில் ஏறினார்கள். ஊர் கண்ணுக்கு மறைந்ததும் தாட்சாயணி செம்பை அவன் கையில் கொடுத்தாள்.

"வேண்டுதல் இன்னான்னா மாமா, நீ வாய் தொறந்து கேட்டு வாங்கினதைத்தான் நாம துன்னணும். அதுவரைக்கும் பச்சத் தண்ணிதான்."

"நாமன்னா?"

"நீயும் நானும்."

"என்னைக் கேக்காம எப்டிமே வேண்டிக்கினே?"

"கேக்கறதுதான் நம்ம வூட்ல வழக்கம் இல்லியே."

செங்கல்வராயன் செம்பைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நடந்தான்.

வெயில் ஏறுவதற்குள் கோனைக்கு வந்துவிட்டார்கள். பாறை இடுக்கிலிருந்து அருவி விழுந்து மடுவாய்த் தேங்கும் இடத்துக்கு அங்கே கோனை என்று பெயர். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அருவி இரண்டு யானை சேர்ந்து பிளிறுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. தாட்சாயணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அடியில் போய் நின்றாள். தண்ணீர் தலையில் அறைந்த அறையில் அவளுக்குப் பேரே மறந்துபோயிற்று. மூச்சு வாங்க வெளியே வந்து பார்த்தால் புருஷனைக் காணோம்.

அண்ணாந்தாள். அருவிக்குப் பக்கத்துப் பாறை முகட்டில், முறிந்து கூடிய அந்தக் காலோடு, பல்லிபோல் ஒட்டிக்கொண்டு செங்கல்வராயன் சீத்தாப்பழம் பறித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ மாமா, எறங்கு! கட்டின காலு!"

இறங்கினான், பல் எல்லாம் தெரிய. துண்டு நிறையப் பழம். கண் விரிந்து, தொட்டாலே பிளந்துகொள்ளும் பழம். "துன்னு" என்று நீட்டினான்.

"மரத்துகிட்ட கேட்டியா?"

"மரத்துகிட்ட எப்டிமே கேக்கறது?"

"அப்ப எனக்கு வேணாம்."

"உனக்கு வேணாம்னா எனக்கும் வேணாம். பசிக்கவே இல்ல" என்றான். அவன் வயிறு அதே சமயம் கடகடவென்று வேறு கதை சொல்லிற்று. பழத்தைப் பாறைமேல் வைத்துவிட்டு, அவனும் அருவிக்குள் வந்தான். ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டார்கள். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அவன் சின்னப் பயல். ஆள் இருக்கிற இடத்தில்தான் அவன் கல்.

திரும்பி வந்தபோது பாறைமேல் ஒரு குரங்குக் கூட்டம் பந்தி போட்டிருந்தது. துண்டில் விதைகள்தான் மிச்சம்.

"ஒண்ணாவது கேட்டுச்சா பாரு" என்றாள் தாட்சாயணி. "எல்லாம் உன் கட்சி."

மலை இறங்கியதும் முதல் ஊர். ஆந்திரா தனி ராஜ்யமான மறுவருஷம் அது. திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு, சத்தியவேடு யாருக்கு என்று இரண்டு தரப்பும் வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கித் திரிந்த நேரம். செங்கல்வராயன் ஒரு வாசலில் போய் நின்றான். செம்பைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, மணியக்காரர்போல் நின்றான். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, கதவை மூடிக்கொண்டே சொன்னாள்: "கையெழுத்துதானே? ரெண்டு பேருக்கும் போட்டாச்சு, போ!"

"இல்லன்னுட்டாங்க" என்று நிம்மதியாகத் திரும்பி வந்தான்.

"நீ எங்க கேட்டே? அவங்களே கேட்டு அவங்களே சொல்லிக்கினாங்க."

அடுத்தது வேர்க்கடலை பிடுங்குகிற கொல்லை. அதன் சொந்தக்காரன் சிட்டிபாபு, நல்ல பேச்சுப் பிரியன், செங்கல்வராயனைக் கண்டதும் வரப்பிலேயே மறித்துக்கொண்டான்.

"நீங்க மெட்ராஸா, ஆந்திராவா?"

"நான் புத்தூரு."

"அது தெலுசய்யா, எந்தப் பக்கம்னு கேக்கறேன்!"

"புத்தூரு பக்கந்தான்."

சிட்டிபாபு தலையில் அடித்துக்கொண்டு, ராஜ்யம் பிரிந்த விவகாரம் முழுவதையும் விளக்க ஆரம்பித்தான். பேச்சினூடே அடுப்பிலிருந்த பானைக்குள் கை விட்டு, உப்புப் போட்டு வேகவைத்த கடலையை அள்ளி தாட்சாயணியின் முந்தானையில் கொட்டினான். ஆவி பறந்தது, மண்வாசனையும் உப்பு வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறிற்று. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான். கேட்காமல் வந்த கடலை! பல்லைக் கடித்துக்கொண்டு முந்தானையை முடிச்சுப் போட்டாள். வழியில் எதிர்ப்பட்ட ஒரு கன்றுக்குட்டிக்கு அவ்வளவையும் கொடுத்துவிட்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள்.

இப்படியே ஊர் ஊராய் வந்தது. ஒரு வாசலில் தண்ணீர் கேட்பானென்று பார்த்தாள்; அவன் குட்டையில் குடித்தான். ஒரு வாசலில் தொண்டையைச் செருமினான், உள்ளே யாரோ பதிலுக்குச் செருமினார்கள், வந்துவிட்டான். பாறை ஏறச் சொன்னால் ஏறுகிறான், முள்ளுக்குள் புகச் சொன்னால் புகுகிறான். ஒரு சொல் மட்டும் வெளியே வரமாட்டேன் என்கிறது.

சுவர்ணமுகி ஆற்றுக்கு வரும்போது பொழுது மேற்கே சாய்ந்திருந்தது. முழங்கால் தண்ணீர்தான், ஆனால் அடியில் மணல் இழுத்தது. நடு ஆற்றில் அவன் கால் புதைந்தது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை. தாட்சாயணி நாலு எட்டு முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். கையைக் கொடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு செங்கல்வராயன் சொன்னான்: "தண்ணி ஜில்லுனு கீதுமே. கொஞ்சம் நின்னுட்டு வரேன்."

அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. தானே போய் இழுத்துவிட்டாள். கரை ஏறியதும் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் சாய்ந்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அதில் மயக்கம் எவ்வளவு, வேஷம் எவ்வளவு என்று அவளுக்கே கணக்குத் தெரியாது.

"தாட்சாயணி! ஏமே! எழுந்திரு. சீத்தாப்பழம் பறிச்சாரட்டுமா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம் என்று.

பிறகு அவள் கேட்டது, மேட்டின்மேல் ஓடுகிற காலடிச் சத்தம், முறிந்து கூடிய காலின் விந்தலோடு. அதன்பின் ஒரு குரல் எழுந்தது. இத்தனை வருஷத்துக் குரலும் உள்ளேயே சேர்ந்து கிடந்திருக்க வேண்டும்.

"கோவிந்தா! தல்லி! அன்னம் போடு தாயே! என் பொண்டாட்டி பசியில விழுந்துட்டா! கோவிந்தா!"

மேட்டு வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஆற்றுக்குள் பாய்ந்தது. தாட்சாயணி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

சட்டியும் கலயமுமாக அந்த வீட்டுக்காரி வெங்கடம்மா கீழே இறங்கி வந்தாள். பின்னால் செம்பை இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் செங்கல்வராயன் வந்தான். "நானும் கையெழுத்துக்காரங்க சண்டைன்னு பயந்துட்டேன்" என்றாள் வெங்கடம்மா. "இந்தத் தொண்டையை வெச்சிக்கினு நீ பட்டினி கெடந்தியா, அய்யா?"

இலையில் கேழ்வரகுச் சங்கட்டி விழுந்தது. நாம் களி என்போமே, அதுதான், சூடாய், உருண்டையாய். நடுவில் குழி பறித்து நெய் விட்டாள். பக்கத்தில் அம்மியில் அரைத்த வேர்க்கடலைத் துவையல், காய்ந்த மிளகாய் காரத்தோடு. புளிச்சகீரைக் கடைசல். கடித்துக்கொள்ளப் பச்சை வெங்காயம். தாட்சாயணி முதல் கவளத்தை நெய்யில் தோய்த்து, துவையலில் புரட்டி, மெல்லாமல் விழுங்கினாள். தொண்டைக்குழியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் அது இறங்குவது தெரிந்தது. இரண்டாவது உருண்டைக்குக் கண்ணில் நீர் வந்தது, காரம்தான்.

"நீயும் துன்னு மாமா."

"எனக்குப் பசிக்கல" என்றான் அவன், மரத்தைப் பார்த்துக்கொண்டு.

அவள் கை கழுவ ஆற்றுக்கு இறங்கினாள். முகம் கழுவினாள், வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள், எருமையை ஓட்டிக்கொண்டு மேலே வந்தாள். சட்டி காலியாய்க் கவிழ்ந்திருந்தது. மிச்சத்தை வெங்கடம்மா காக்காய்க்கு வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

திருச்சானூர்த் தாயாருக்கு விளக்கேற்ற வெங்கடம்மாவும் எண்ணெய்க் கிண்ணத்தோடு கூடவே கிளம்பினாள். மூவரும் வரப்பில் வரிசையாய் நடந்தார்கள். எதிரே மலை, வெயில் பட்டுச் செம்பாய் மின்னியது. விடிந்ததும் அதில் ஏற வேண்டும். செங்கல்வராயன் நடை மறுபடி மணியக்காரர் நடையாகிவிட்டது.

"வேண்டுதல் முடிஞ்சுது இல்ல?" என்றான். "உனக்காவத்தான் கேட்டேன். எனக்குன்னு இந்த வாய் ஒரு பருக்கை கேக்கல, இனிமேலும் கேக்காது. தெரிஞ்சுக்கோ."

தாட்சாயணி பின்தங்கினாள். அவளுக்காகக் கேட்டான், சரி. அவள் இல்லாத இடத்தில், தனக்காக ஒரு குரல் கொடுப்பானா? பெருமாளிடம் அவள் கேட்டது அதைத்தானே. நாளைக்குப் படியேறிப் போய் என்ன சொல்லி விழுந்து கும்பிடுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.

முன்னால் போன வெங்கடம்மா சட்டென்று நின்று திரும்பினாள்.

"ஏமய்யா, மலையைப் பாத்துக்கினே இப்டிப் பொய் சொல்றே! இந்தம்மா கை கழுவப் போனதும் என்னாண்ட வந்து, 'தல்லி, எனக்கும் பசிக்குது, இன்னொரு உருண்டை கீதா'ன்னு கேட்டது யாரு? சட்டியில இருந்ததை எல்லாம் போட்டேன். அப்பறம் தொவையல் வேற கேட்டியே!"